படிக்கல் இல்லாத தராசு

ஏலச்சீட்டு நடத்தி ஊரார் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடியவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அந்த மனுஷனுக்கு இது தப்புன்னு தெரியாதா?" தெரியும். நன்றாகவே தெரியும். நேர்மையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னால் நம்மைவிடக் கோவையாகப் பேசுவார். தெரியாமல் செய்தவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். தெரிந்தே செய்தவருக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

இதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு புதிர். ரயில் நிலையத்தில் ஒரு குழந்தை தண்டவாளத்தை நோக்கித் தள்ளாடிப் போகிறது. யாரோ ஒருவர் கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்குகிறார். "ஏன் ஓடினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், திணறுவார். "சின்னக் குழந்தைங்க" என்பார். அதற்கு மேல் அவரிடம் காரணம் எதுவும் இருக்காது. முதலாமவருக்குக் காரணங்கள் அத்தனையும் மனப்பாடம், நடத்தையில்தான் ஒன்றையும் காணோம். இரண்டாமவர் செய்து முடித்துவிட்டார், காரணத்தை இனிமேல்தான் தேட வேண்டும்.

"உணர்ச்சிவசப்படாமல் யோசி" என்பது நமக்குப் பழகிய அறிவுரை. அதைக் கடைசிவரை நம்பினால் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்: உணர்ச்சியைச் சுத்தமாகக் கழித்துவிட்ட ஒரு மனிதர் இருந்தால், நம் எல்லோரையும்விட நியாயமாக நடப்பவர் அவராகத்தான் இருப்பார். கிட்டத்தட்ட அப்படி ஒருவரை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக மருத்துவர்கள் பல ஆண்டுகள் கவனித்தார்கள்.

கணக்காளருக்கு என்ன ஆயிற்று?

மருத்துவக் கட்டுரைகளில் அவர் பெயர் ஈ.வி.ஆர். (தமிழ்நாட்டில் இந்த எழுத்துக்களுக்கு வேறொரு சொந்தக்காரர் இருக்கிறார். ஒற்றுமை தற்செயல்தான்.) வீடு கட்டும் நிறுவனம் ஒன்றில் கணக்காளர். மனைவி, இரண்டு குழந்தைகள். உடன்பிறந்தவர்கள் முன்மாதிரியாகப் பார்த்த மூத்த பிள்ளை. 1975இல், 35ஆவது வயதில், அவர் மூளையில் ஒரு கட்டி இருப்பது தெரியவந்தது. புற்றுக்கட்டி அல்ல. ஆனால் வளர்ந்து, அழுத்தி, சுற்றியிருந்த திசுவைக் கெடுத்திருந்தது. அறுவை செய்து கட்டியையும் கெட்டுப்போன திசுவையும் எடுத்தார்கள்.

எடுத்த இடம் முக்கியமானது. நெற்றி எலும்புக்குப் பின்னால் இருப்பது மூளையின் நெற்றிமடல். அதன் அடிப்புறத்தில், இரண்டு கண்குழிகளின் கூரைக்கு மேலே, நடுக்கோட்டை ஒட்டி ஒரு பகுதி இருக்கிறது. நரம்பியலில் அதற்கு நாக்கு சுளுக்கும் நீளத்தில் ஒரு பெயர் உண்டு. நாம் 'அடிநெற்றி' என்று வைத்துக்கொள்வோம். கண்ணும் காதும் கொண்டுவரும் செய்திகள், பழைய நினைவுகள், நெஞ்சுத் துடிப்பையும் வியர்வையையும் வயிற்றுக் கலக்கத்தையும் ஆட்டுவிக்கும் உள்மூளைப் பகுதிகள் ஆகியவற்றோடெல்லாம் இதற்குத் தொடர்பு உண்டு.

அறுவை நல்லபடியாக முடிந்தது. பேச்சு, நடை, நினைவாற்றல் எதிலும் பழுதில்லை. நுண்ணறிவுத் தேர்வில் சராசரியைவிட வெகுவாக மேலே மதிப்பெண் வாங்கினார். வாழ்க்கைதான் சரிந்தது. வேலை போனது. கெட்ட பெயர் எடுத்த ஒரு பழைய சகாவோடு கூட்டு சேர்ந்தார். வீட்டாரும் நண்பர்களும் தடுத்தும் கேளாமல் சேமிப்பு முழுவதையும் அந்தத் தொழிலில் போட்டுத் திவாலானார். மணமுறிவு, உடனே இன்னொரு திருமணம், அதுவும் முறிந்தது. காலையில் கிளம்பித் தயாராகவே இரண்டு மணி நேரம் ஆகும். வெளியே சாப்பிடப் போவதென்றால் ஒவ்வொரு உணவகத்திலும் எங்கே உட்காரலாம், என்னென்ன கிடைக்கும், கூட்டம் எப்படி என்று மணிக்கணக்கில் அலசுவார். காரை எடுத்துக்கொண்டு போய் நேரிலும் பார்ப்பார். அப்புறமும் முடிவு வராது. செத்துப்போன தொட்டிச் செடிகள், ஓடாத மின்விசிறிகள், ஆரஞ்சுச் சாறு இருந்த காலி டப்பாக்கள் என்று எதையும் தூக்கிப்போட மனமில்லாமல் வீட்டில் சேர்த்து வைத்திருந்தார்.

மனமில்லாமல் என்று எழுதிவிட்டேன். மனம் ஒட்டியிருந்ததால் வைத்திருந்தார் என்று சொல்ல முடியாது. வைத்துக்கொள்ளவும் மனமில்லை, எறியவும் மனமில்லை.

நியாயத்தில் நல்ல மதிப்பெண்

1985இல் பால் எஸ்லிங்கரும் அன்டோனியோ டமாசியோவும் இவரைப் பற்றி எழுதிய கட்டுரை நரம்பியல் மருத்துவர்களிடையே பெரிதும் பேசப்பட்டது. நமக்குத் தேவையான கட்டம் அதற்குப் பின்னால் வருகிறது. ஜெஃப்ரி சேவரும் டமாசியோவும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கணக்காளரை உட்காரவைத்துச் சமூக அறிவையும் நியாய அறிவையும் சோதித்தார்கள். அவர் நடத்தை கெட்டதற்கு நியாயம் மறந்துபோனது காரணமா என்பது கேள்வி.

ஒரு சோதனையில், வீட்டில் சண்டை, நண்பரோடு மனத்தாங்கல் போன்ற சூழல்களைச் சொல்லி, என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று கேட்டார்கள். வரிசையாகச் சொன்னார். எந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்டார்கள். அதையும் சொன்னார். பிறகு, உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க் பயன்படுத்திய வகையைச் சேர்ந்த நியாயச் சிக்கல்கள். அவற்றில் புகழ்பெற்றது இது: மனைவி சாகக் கிடக்கிறாள். மருந்துக்கடைக்காரர் அநியாய விலை கேட்கிறார். கணவனிடம் அவ்வளவு பணம் இல்லை. அவன் மருந்தைத் திருடலாமா? இதில் 'ஆம்', 'இல்லை' இரண்டுக்கும் மதிப்பெண் கிடையாது. சொல்லும் காரணத்தின் முதிர்ச்சிக்குத்தான் மதிப்பெண். போலீஸ் பிடிக்கும் என்ற காரணம் அடிப்படியில் நிற்கிறது. உயிரின் மதிப்பு, சட்டத்தின் நோக்கம், இரண்டும் மோதும் இடம் என்றெல்லாம் விரிந்தால் மேற்படி. நம் கணக்காளர் வளர்ந்த, யோசிக்கத் தெரிந்த மனிதர்கள் எட்டும் படியைத் தயங்காமல் எட்டினார்.

எல்லா வழிகளையும் நேர்த்தியாகப் பட்டியலிட்டு முடித்த பிறகு, தனக்கே இப்படி ஒன்று நேர்ந்தால் என்ன செய்வேன் என்று தெரியாது என்ற பொருளில் அவரே ஒன்று சொன்னார். மூளையியலின் வரலாற்றில் இவ்வளவு சாதுவாக வெளிவந்த பயங்கர வாக்குமூலம் வேறு இருக்குமா என்பது சந்தேகமே.

தோல் பேசாதபோது

அறிவு இருக்கிறது, நடத்தை இல்லை. நடுவில் விட்டுப்போனது எது? 1990இல் டமாசியோ, டேனியல் டிரானல், ஹன்னா டமாசியோ மூவரும் அடிநெற்றி கெட்ட ஐந்து பேரைச் சோதித்தார்கள். கருவி எளியது. மனம் அசைந்தால் உள்ளங்கையில் கண்ணுக்குத் தெரியாத அளவு வியர்க்கும், தோல் சற்று எளிதாக மின்சாரத்தைக் கடத்தும். கையில் பொருத்திய மின்வாய் அதைக் கணக்கெடுக்க, கருவி கோடாக வரையும்.

பேரழிவு, சிதைந்த உடல் போன்ற படங்களை அவர்களுக்குக் காட்டினார்கள். மூளையில் பாதிப்பு இல்லாதவர்களுக்குக் கோடு எகிறியது. இவர்களுக்கு வெறுமனே பார்க்கும்போது கோடு அசையவே இல்லை. கருவி கெட்டுவிட்டதோ என்றால் அதுவுமில்லை, திடீரென்று பலத்த சத்தம் கேட்டால் கோடு வழக்கம்போல் எகிறியது. இந்தப் படங்கள் மனத்தைக் கலக்கக்கூடியவை என்று அவர்களுக்குத் தெரியாமலும் இல்லை. ஒருவர், கலங்க வேண்டிய படம் என்று தெரிகிறது, கலக்கம்தான் வரவில்லை என்று விளக்கினார்.

இங்கிருந்துதான் டமாசியோ தன் கருதுகோளைக் கட்டுகிறார். பழைய அனுபவங்கள் உடலில் ஒரு தடம் விட்டுப்போகின்றன. அதே மாதிரிச் சூழல் மறுபடி வந்தால் உடல் மெலிதாக ஒரு சாடை காட்டுகிறது: வயிற்றில் ஒரு சுருக்கு, நெஞ்சில் ஒரு படபடப்பு, அல்லது ஒரு இளக்கம். இதை 'உடற்குறிப்பு' எனலாம். முடிவு எடுப்பது உடற்குறிப்பு அல்ல. பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு வழிக்கும் அது எடை போட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான். நம் கணக்காளரின் கடையில் தராசு பழுதில்லாமல் இருந்தது, சரக்கும் நிறைய இருந்தது. படிக்கல்தான் இல்லை. எதை வைத்தாலும் முள் நடுவிலேயே நின்றது.

நான்கு கட்டுச் சீட்டு

அன்டோய்ன் பெக்காராவும் டமாசியோ குழுவினரும் 1994இல் ஒரு விளையாட்டை உருவாக்கினார்கள். மேசையில் நான்கு சீட்டுக்கட்டுகள். கையில் 2,000 டாலர் பொம்மைப் பணம். எந்தக் கட்டிலிருந்து வேண்டுமானாலும் ஒவ்வொன்றாக எடுக்கலாம். முதல் இரண்டு கட்டுகளில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர் வரும், மற்ற இரண்டில் 50தான் வரும். ஆனால் அவ்வப்போது ஏதோ ஒரு சீட்டு அபராதம் கேட்கும். 100 டாலர் கட்டில் பத்துச் சீட்டு எடுத்தால் வரவு 1,000, அபராதம் 1,250. கையைவிட்டுப் போவது 250. ஐம்பது டாலர் கட்டில் பத்துச் சீட்டுக்கு வரவு 500, அபராதம் 250. கையில் நிற்பது 250. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லித்தர மாட்டார்கள். எப்போது விளையாட்டு முடியும் என்றும் சொல்ல மாட்டார்கள்.

மூளையில் பாதிப்பு இல்லாதவர்கள் ஆரம்பத்தில் 100 டாலர் கட்டில் ஆசையாகக் கை வைக்கிறார்கள். சில அடிகள் வாங்கிய பிறகு மெல்ல ஐம்பதுக்கு நகர்கிறார்கள். 1997இல் இதையே கையில் மின்வாய் பொருத்திச் செய்தபோது ஒன்று தெரிந்தது. எந்தக் கட்டு மோசம் என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிவதற்கு முன்பே, கெட்ட கட்டை நோக்கிக் கை போகும்போது தோல் வியர்க்கத் தொடங்கியிருந்தது. அடிநெற்றி கெட்டவர்களுக்கு அந்த முன்வியர்வை இல்லை. அவர்களில் சிலர் எந்தக் கட்டு நட்டம் தரும் என்று பிற்பாடு சரியாகவே சொன்னார்கள். சொல்லிவிட்டு அந்தக் கட்டிலிருந்தே எடுத்தார்கள்.

இதை வைத்து, உள்ளுணர்வு அறிவை முந்துகிறது என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் நிதானிக்கலாம். 2004இல் டியாகோ மையாவும் ஜேம்ஸ் மெக்கிளெலண்டும் கேள்விகளை இன்னும் நுணுக்கமாகக் கேட்டபோது, விளையாடுகிறவர்களுக்கு நாம் நினைத்ததைவிட முன்பே விஷயம் தெரிந்திருந்தது. உடல் முந்துகிறதா, அறிவு முந்துகிறதா என்ற பந்தயத்தில் எனக்கு அக்கறை இல்லை. தெரிந்த பிறகும் கை கெட்ட கட்டுக்குப் போனதே, அதுதான் ஏலச்சீட்டுக்காரரின் புதிருக்குப் பக்கத்தில் நிற்கிறது.

பதினைந்தாம் மாதத்தில் நேர்ந்தால்

நம் கணக்காளருக்கு 35 வயதுவரை மூளை முழுமையாக இருந்தது. நியாயம் எல்லாம் கற்றுத் தேர்ந்த பிறகு எடையை இழந்தவர் அவர். கற்பதற்கு முன்பே இழந்தால்?

ஸ்டீவன் ஆண்டர்சனும் சக ஆய்வாளர்களும் 1999இல் அப்படி இருவரைப் பற்றி எழுதினார்கள். ஒரு பெண்ணுக்குப் பிறந்த 15ஆவது மாதத்தில் வாகனம் ஏறிய விபத்து. ஓர் ஆணுக்கு 3 மாதத்தில் மூளைக்கட்டி அறுவை. இருவரும் படித்த, நிலையான குடும்பங்களில் வளர்ந்தவர்கள், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் ஒழுங்கானவர்கள். ஆய்வுக்கு வந்தபோது இருவரும் இருபதுகளில் இருந்தார்கள். நுண்ணறிவில் குறையில்லை. ஆனால் பொய், திருட்டு, எந்த வேலையிலும் நிலைக்காமை, தான் பெற்ற பிள்ளையின் மேல்கூட அக்கறையின்மை. கண்டித்தாலும் தண்டித்தாலும் உறைக்கவில்லை. செய்ததற்கு வருத்தமும் இல்லை.

இவர்களுக்கும் நியாயச் சிக்கல்களைக் கொடுத்தார்கள். விடை வேறு மாதிரி வந்தது. கணக்காளர் மேற்படியில் நின்று பேசினாரே, இவர்கள் அடிப்படியில், மாட்டிக்கொள்வோமா மாட்டோமா என்ற அளவிலேயே நின்றார்கள். சிறுவர்கள் கடந்துபோகும் படி அது.

இரண்டே பேர்தான், அதிகம் பளு ஏற்றக் கூடாது. ஆனாலும் ஒரு சந்தேகத்தை இது வலுவாக எழுப்புகிறது. அடுத்த பிள்ளையின் பொம்மையைப் பறித்து அது அழும்போது, பறித்த குழந்தையின் முகமும் சுருங்குகிறது. அம்மாவின் குரல் மாறினால் உடல் விறைக்கிறது. "பறிக்கக் கூடாது" என்ற வாக்கியத்துக்குப் பொருள் இந்தச் சுருக்கங்களால்தான் ஏறுகிறது போலும். அவை இல்லாத பிள்ளைக்கு அந்த வாக்கியம், போக்குவரத்து விதி மாதிரி, ஆள் இருக்கும்போது மட்டும் செல்லுபடியாகும் ஒன்றாக நின்றுவிடுகிறது.

ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1739–40இல், இருபதுகளில் இருந்தபோதே, அறிவு தனியாக நின்று யாரையும் எதையும் செய்யத் தூண்டாது என்று வாதிட்டுவிட்டார். அவரை மறுத்தவர்கள் இன்றும் உண்டு. கணக்காளரை அவர் சந்தித்திருந்தால் மகிழ்ந்திருப்பார். இந்த இருவரைச் சந்தித்திருந்தால், தூண்டுவது மட்டுமில்லை, கற்பதும் இதில் சேர்த்தி என்று இன்னும் ஒரு பக்கம் எழுதியிருப்பார்.

அழும் குழந்தை

அப்படியானால் உணர்ச்சி இருந்தால் நியாயம், இல்லாவிட்டால் அநியாயம் என்று எழுதி மூடிவிடலாமா? அவ்வளவு சுலபமில்லை. 2007இல் மைக்கேல் கோனிக்ஸும் குழுவினரும் அடிநெற்றி கெட்ட ஆறு பேரிடம் கொடூரமான சில கற்பனைச் சிக்கல்களைக் கொடுத்தார்கள். ஒன்று: எதிரிப் படை ஊருக்குள் நுழைந்துவிட்டது. நீங்களும் ஊர்க்காரர்களும் ஒரு நிலவறையில் ஒளிந்திருக்கிறீர்கள். உங்கள் கைக்குழந்தை அழ ஆரம்பிக்கிறது. சத்தம் கேட்டால் எல்லோருக்கும் சாவு. வாயைப் பொத்தினால் குழந்தை மூச்சு முட்டிச் செத்துவிடும். என்ன செய்வீர்கள்?

மற்றவர்கள் தடுமாறி, பெரும்பாலும் மறுக்கும் இடத்தில் இந்த ஆறு பேர் கணிசமாக அதிக அளவில் 'பொத்தலாம்' என்றார்கள். குழந்தை எப்படியும் பிழைக்காது, மற்றவர்களாவது பிழைக்கட்டும் என்ற கணக்கு. அதைத் தப்பு என்று சொல்லவும் முடியவில்லை. சில தத்துவவாதிகள் அதைத்தான் சரி என்பார்கள். வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. நெஞ்சைப் பிசையாத சாதாரணச் சிக்கல்களில் இவர்கள் விடை மற்றவர்களின் விடையோடு ஒத்துப்போனது. குழந்தை கையில் இருக்கும்போதுதான் பாதை பிரிந்தது.

'உணர்ச்சியற்ற கணக்குப்பிள்ளை' என்று இவர்களுக்குப் பட்டம் கட்டுவதற்குள் அதே ஆண்டு இன்னொரு முடிவு வந்தது. கோனிக்ஸும் டிரானலும் ஒரு பங்கீட்டு விளையாட்டை ஆடவைத்தார்கள். ஒருவரிடம் 10 டாலர். அவர் உங்களுக்கு ஒரு பங்கு தர முன்வருவார். ஏற்றால் இருவருக்கும் பணம், மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. வெறும் கணக்குப் பார்த்தால் ஒரு டாலரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அடிநெற்றி கெட்டவர்கள் அற்பப் பங்குகளை மற்றவர்களைவிட அதிகமாக மறுத்தார்கள். தங்களுக்கு அநியாயம் நடந்தால் சுள்ளென்று கோபம் வந்தது. ஆக, எல்லா உணர்ச்சியும் போய்விடவில்லை. கோபம் அப்படியே இருந்தது. இரக்கம், குற்றவுணர்வு, வெட்கம் போன்ற, அடுத்தவர் முகத்தை நம் உடலுக்குள் கொண்டுவரும் உணர்ச்சிகள்தான் மங்கியிருந்தன. உணர்ச்சி என்று ஒரே சொல்லில் அடக்கும்போது இந்த வித்தியாசம் தொலைந்துபோகிறது. "உணர்ச்சிவசப்படாதே" என்று சொல்கிறவர்கள் எந்த உணர்ச்சியைச் சொல்கிறோம் என்று கூடவே சொல்லிவிட்டால் நல்லது.

ஐந்து டாலர்

ஏலச்சீட்டுக்காரருக்கு மூளையில் கட்டி எதுவும் இல்லை. அப்படிப்பட்ட எல்லோரையும் மனநோயாளி என்று ஒதுக்குவதும் சோம்பேறித்தனம். அவருக்குத் தன் பேத்தியின் காய்ச்சல் தாங்காது. பின் எப்படி? சீட்டு கட்டிய இருநூறு பேர் அவருக்கு ஒரு நோட்டில் இருக்கும் இருநூறு வரிகள் என்பதுதான் என் ஊகம். வரிகளுக்கு முகம் கிடையாது.

ஊகத்துக்குத் துணையாக ஓர் ஆய்வு இருக்கிறது, மறுபக்கத்திலிருந்து. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007இல் வெளியிட்டது. வேறொரு வேலைக்காகப் பங்கேற்பாளர்களுக்கு 5 டாலர் கூலி கொடுத்துவிட்டு, ஆப்பிரிக்காவின் பசிக்கு நன்கொடை கேட்டார்கள். ஒரு குழுவுக்கு லட்சக்கணக்கானோர் பட்டினி கிடப்பதாகப் புள்ளிவிவரம். அவர்கள் சராசரியாகக் கொடுத்தது 1.14 டாலர். இன்னொரு குழுவுக்கு மாலி நாட்டின் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் படமும் பெயரும். அவர்கள் கொடுத்தது 2.38 டாலர். மூன்றாம் குழுவுக்குச் சிறுமியையும் காட்டினார்கள், புள்ளிவிவரத்தையும் சேர்த்தார்கள். தகவல் கூடியதால் நன்கொடையும் கூடியிருக்க வேண்டும். 1.43 டாலருக்கு இறங்கியது.

எடை போடுவது உணர்ச்சிதான், ஆனால் அது ஒரு முகத்துக்கு எடை கொடுக்கும், ஒரு லட்சத்துக்குக் கொடுக்காது. இதை அறிவால் சரிசெய்ய முடியாதா என்று அதே ஆய்வாளர்கள் முயன்றார்கள். நன்கொடை கேட்பதற்கு முன் சிலருக்குச் சில கணக்குகளைப் போடக் கொடுத்தார்கள். கணக்குப் போட்டவர்கள் சிறுமிக்குக் குறைவாகக் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு வெளிப்படையாகவே பாடம் நடத்தினார்கள்: மனிதர்கள் ஒரு முகத்தைப் பார்த்தால் இளகுகிறார்கள், எண்ணிக்கையைப் பார்த்தால் இளகுவதில்லை, கவனமாக இருங்கள் என்று. பாடம் நன்றாகவே வேலை செய்தது. சிறுமிக்கு விழுந்த பணம் புள்ளிவிவரத்துக்கு விழும் அளவுக்கு இறங்கியது. புள்ளிவிவரத்துக்கு விழுந்தது ஏறவில்லை.